ஆயுளின் தடங்கள் – 6: ஓக்லாந்துப் பிள்ளைகள்

சிகாகோவில் வில்லியம் தாமஸ் போலந்துக் குடியானவர்களின் கடிதங்களைச் சேர்த்துப் படித்த கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். நடந்து முடிந்ததை மனிதர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டால் போதாது, அவர்களோடு வருடக்கணக்கில் கூடவே போய், நடக்க நடக்கக் குறித்துக்கொண்டு வரவேண்டும் என்று பிற்காலத்தில் அவர் வலியுறுத்தினார். ஒரு பிள்ளை வளர்ந்து ஆளாக இருபது வருடம் ஆகிறது. ஆளான பிறகு என்ன ஆனான் என்று பார்க்க இன்னும் இருபது வருடம் வேண்டும். அவ்வளவு காலம் யார் பணம் கொடுப்பார்கள்? தொடங்கியவர் முடிவைப் பார்க்க உயிரோடு இருப்பாரா?

அந்த வேலை கலிபோர்னியாவில் நடந்தேறியது. நடத்தியவர்கள் சமூகவியலாளர்கள் அல்லர், மருத்துவர்களும் உளவியலாளர்களும்தான். அவர்கள் தேடிப் போனது வேறொன்று. சமூகவியலுக்கு அதில் கிடைத்த புதையலை முப்பது வருடம் கழித்து வந்த ஓர் இளைஞர் கண்டெடுத்தார். இந்தத் தொடரில் நான் மிகவும் ஆசைப்பட்டு எழுதும் பகுதி இது.

1920களில் அமெரிக்காவில் குழந்தை வளர்ப்பை விஞ்ஞானமாக்க வேண்டும் என்று ஒரு பெரிய இயக்கம் நடந்தது. ராக்ஃபெல்லர் குடும்பத்தின் அறநிதி ஒன்று அதற்குத் தாராளமாகப் பணம் கொடுத்தது. அந்தப் பணத்தில் 1927ல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் குழந்தை நல ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. ஹெர்பர்ட் ஸ்டோல்ஸ் என்ற மருத்துவர் இயக்குநர், ஹெரால்டு ஜோன்ஸ் என்ற உளவியலாளர் ஆராய்ச்சித் தலைவர். சில வருடங்களுக்குள் மூன்று ஆய்வுகள் அங்கே கிளம்பின. நான்சி பேய்லி அறுபத்தொரு கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டு அவர்களின் உடல், அறிவு வளர்ச்சியை மாதா மாதம் அளக்கத் தொடங்கினார். அது தனிக்கதை, இங்கே வேண்டாம். மற்ற இரண்டும்தான் நமக்கு முக்கியம்.

ஒன்று ஜீன் மேக்ஃபர்லேன் நடத்தியது. 1928 ஜனவரி தொடங்கி ஒன்றரை வருடம், பெர்க்லி நகரில் பிறந்த குழந்தைகளில் மூன்றுக்கு ஒன்று என்று எடுத்தார். 248 குழந்தைகள் சேர்ந்தார்கள். இன்னொன்று ஜோன்ஸும் ஸ்டோல்ஸும் பக்கத்து நகரமான ஓக்லாந்தில் நடத்தியது. அங்கே எடுத்துக்கொண்டது கைக்குழந்தைகளை அல்ல. வடகிழக்கு ஓக்லாந்தின் ஐந்து தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம், ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த, 1920, 21ல் பிறந்த பிள்ளைகள். சேர்த்துக்கொள்ள இரண்டே நிபந்தனை: குடும்பம் சம்மதிக்க வேண்டும், ஊரை விட்டுப் போய்விடாது என்று தோன்ற வேண்டும். 1932 முதல் 1939ல் பள்ளிப் படிப்பு முடியும் வரை கடைசிவரை நின்றவர்கள் 167 பேர். பையன்கள் 84, பெண்கள் 83.

இந்தப் பிள்ளைகளை அவர்கள் அளந்ததுபோல் அதற்கு முன் யாரையும் யாரும் அளந்ததில்லை. உயரம், எடை, தோள் அகலம் எல்லாம் குறித்தார்கள். கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணக்கிட்டார்கள். எந்தப் பையனுக்கு எப்போது மீசை அரும்பியது, யார் முந்தி வளர்ந்தார்கள், யார் பிந்தி வளர்ந்தார்கள் என்பதெல்லாம் ஏட்டில் ஏறியது. பள்ளிக்கு அருகிலேயே ஒரு கிளப் வீட்டை ஏற்பாடு செய்திருந்தார்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கே வந்து விளையாடலாம், அரட்டை அடிக்கலாம், நடனம் ஆடலாம். கூடவே ஆய்வாளர்கள் இருப்பார்கள். யார் பேச்சை யார் கேட்கிறார்கள், யார் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று பார்த்து, அன்றைய குறிப்பை எழுதி வைப்பார்கள். ஹெரால்டின் மனைவி மேரி கவர் ஜோன்ஸ் அந்தக் கூட்டத்தின் உயிர்நாடி. முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவனின் பயத்தைப் படிப்படியாகப் போக்கி 1924ல் உளவியலில் பெயர் பெற்றவர் அவர். ஓக்லாந்துப் பிள்ளைகளில் பலரோடு ஆயுள் முழுக்கத் தொடர்பு வைத்திருந்தார். ஆய்வு இத்தனை காலம் நின்றதற்கு அறநிதியின் பணம் பாதிக் காரணம் என்றால், இந்த அம்மாளின் மேல் பிள்ளைகளுக்கு இருந்த ஒட்டுதல் மீதிக் காரணம் என்பது என் எண்ணம்.

இனி தேதிகளைக் கவனியுங்கள். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1933 வாக்கில் அமெரிக்காவில் வேலை தேடுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. பெருமந்தம் என்று வரலாறு சொல்லும் அந்த வருடங்களின் நட்ட நடுவில்தான் பெர்க்லிக் குழந்தைகள் தவழ்ந்தார்கள், ஓக்லாந்துப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பு முடித்தார்கள். ஆனால் ஆய்வின் திட்டத்தில் பெருமந்தம் இல்லை. வளர்ச்சி என்பது உடம்புக்குள்ளிருந்து விரிவது, வெளியே சந்தை சரிந்தாலும் எலும்பு தன் கணக்கில் வளரும் என்பது அன்றைய பார்வை. நல்லவேளையாக, தாய்மார்களை 1932, 1934, 1936 ஆகிய வருடங்களில் பேட்டி எடுத்தார்கள். 1929ல் குடும்ப வருமானம் எவ்வளவு, 1933ல் எவ்வளவு என்ற விவரமும் அவற்றோடு பதிவானது. அந்த இரண்டு எண்களும் கோப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. யாரும் அவற்றைப் பெரிதாகப் பார்க்கவில்லை.

போர் வந்தது. ஓக்லாந்துப் பையன்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சீருடை போட்டார்கள். திரும்பி வந்தார்கள், கல்யாணம் செய்தார்கள், வீடு கட்டினார்கள். 1950களில் இரண்டு முறையும், 1964ல் ஒரு முறையும் நிலையத்தார் அவர்களைத் தேடிப்பிடித்துப் பேசினார்கள்.

பெர்க்லியில் மேக்ஃபர்லேனும் தன் பிள்ளைகளை முப்பது வயதில் மறுபடி சந்தித்தார். பதினெட்டு வயது வரை பார்த்ததை வைத்து, இவன் தேறுவான், இவள் தடுமாறுவாள் என்று நிலையத்தார் ஆளுக்கு ஒரு கணிப்பு வைத்திருந்தார்கள். கணிப்புகளில் பெரும்பகுதி பொய்த்துப்போனது. ஏறக்குறைய பாதிப்பேர் அவர்கள் நினைத்ததைவிட நிதானமான, திறமையான மனிதர்களாக வளர்ந்திருந்தார்கள். பள்ளியில் விளையாட்டிலும் பேரிலும் கொடிகட்டிப் பறந்த சிலர், எதிர்பார்த்த உயரத்துக்கு வராமல் மனம் கசந்து உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருட உழைப்புக்குப் பிறகு இதை ஒளிக்காமல் 1964ல் கட்டுரையாக எழுதினாரே, அந்த நேர்மைக்காக மேக்ஃபர்லேனை வணங்கத் தோன்றுகிறது. பிரச்சினைகளை எண்ணிக்கொண்டே போனோம், பிள்ளைகள் அவற்றிலிருந்து கற்றுக்கொண்டதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். ஆனால் எது அவர்களைத் திசை திருப்பியது என்பதைச் சொல்ல அவரிடம் ஒரு முறை இல்லை.

அதைக் கொண்டுவந்தவர் கிளென் எல்டர்.

ஹெரால்டு ஜோன்ஸ் 1960ல் இறந்துபோனார். நிலையத்தின் பொறுப்புக்கு ஜான் கிளாசன் என்ற சமூகவியலாளர் வந்தார். 1962ல் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார் எல்டர். அப்போது வயது 28. பெருமந்தம் முற்றிய 1934ல் கிளீவ்லாந்தில் பிறந்தவர். பதின்வயதில் குடும்பம் நகரத்தை விட்டுப் பென்சில்வேனியாவில் ஒரு பால் பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பெயர்த்து நடப்பட்டால் ஒரு பையன் எப்படி மாறுகிறான் என்பது அவருக்குச் சொந்த அனுபவம்.

அவருக்குக் கொடுத்த வேலை, ஓக்லாந்துக் கோப்புகளைப் படித்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தகுதிக் குறியீடு போடுவது. தகப்பனார் தொழில், படிப்பு இவற்றை வைத்து மேல்தட்டு, நடுத்தரம், தொழிலாளர் என்று ஒரு எண் போட வேண்டும். படிக்கப் படிக்க அவருக்குச் சங்கடம் கூடியது. 1929ல் வசதியாக இருந்த வீடு 1933ல் கடன்காரர் வாசலில் நிற்கும் வீடாகிறது. 1940ல் மறுபடி நிமிர்கிறது. இந்த வீட்டுக்கு எந்த எண்ணைப் போடுவது? ஒரே எண்ணைப் போட்டால், அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் நடந்த மிகப் பெரிய விஷயம் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். இத்தனை நாள் அப்படித்தான் போயிருந்தது. மாற்றத்தையே அளவாக எடுத்தால் என்ன என்று எல்டர் கேட்டார். இந்தத் துறையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய கேள்வி எனக்குத் தெரிந்து இல்லை.

அளவை அவர் எப்படி வகுத்தார் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 1929க்கும் 1933க்கும் இடையில் ஓக்லாந்துக் குடும்பங்களின் நடுநிலை வருமானம் சுமார் 40 விழுக்காடு விழுந்திருந்தது. ஆனால் அதே காலத்தில் விலைவாசியும் ஏறத்தாழ 25 விழுக்காடு இறங்கியிருந்தது. எனவே வருமானத்தில் கால் பங்கு போன வீட்டில் அடுப்பு முன்போலவே எரிந்திருக்கும். அதற்கு மேல் போனால்தான் சொத்தில் கைவைக்க வேண்டியிருக்கும். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அதாவது 35 விழுக்காடும் அதற்கு மேலும் இழந்த குடும்பங்களை நொடித்த குடும்பங்கள் என்று பிரித்தார். அதற்குக் குறைவாக இழந்தவை நொடிக்காதவை. இதை 1929ல் அந்தக் குடும்பம் நடுத்தர வர்க்கமா, தொழிலாளர் வர்க்கமா என்பதோடு குறுக்கே வைத்தார். நான்கு கட்டங்கள் கிடைத்தன. இரண்டு வர்க்கங்களிலுமே பாதிக்கு மேற்பட்ட வீடுகள் நொடித்த கட்டத்தில் விழுந்தன. அடுத்தடுத்த தெருவில் குடியிருந்து, ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகளில் ஒருவன் வீடு தப்பியது, இன்னொருவன் வீடு கவிழ்ந்தது. எந்தச் சோதனைச் சாலையிலும் இப்படி ஓர் ஒப்பீட்டை ஏற்பாடு செய்ய முடியாது.

நொடித்த வீட்டுக்குள் என்ன நடந்தது? அப்பா வேலையிழந்து வீட்டில் இருக்கிறார், அல்லது பாதிச் சம்பளத்துக்கு ஓடுகிறார். அம்மா வேலைக்குப் போகிறார், அல்லது வீட்டில் வாடகைக்கு ஆள் வைக்கிறார். வீட்டில் முடிவெடுப்பது மெல்ல அம்மாவின் கைக்கு வருகிறது. பையன்கள் பத்திரிகை போடவும் கடையில் எடுபிடியாக நிற்கவும் போகிறார்கள். சமையலும் துணி துவைப்பதும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதும் பெண் பிள்ளைகள் தலையில் விழுகின்றன. முன்பு காசு கொடுத்து வாங்கியதை இப்போது வீட்டிலேயே உழைத்துச் செய்துகொள்ள வேண்டும். அந்த உழைப்பில் பெரும்பங்கு பதினான்கு வயதுப் பெண்ணுடையது.

அப்பாக்களைப் பற்றி எல்டரும் அவருடைய மாணவர்களும் பிறகு நுட்பமாகப் பார்த்தார்கள். பணம் போனதால் பிள்ளைக்கு நேரே வந்த பாதிப்பு குறைவு. பணம் போனதும் அப்பாவின் குணம் மாறியது, அந்தக் குணம்தான் பிள்ளையைத் தாக்கியது. சிடுசிடுப்பும் எதற்கெடுத்தாலும் பாய்வதுமாக ஆன அப்பாக்கள் இருந்த வீட்டில்தான் பாதிப்பு அதிகம். அம்மாவும் பிள்ளையும் ஒட்டுதலாக இருந்த வீட்டில் அடி அவ்வளவாக விழவில்லை. 1985ல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இருந்தது என்னை உலுக்கிவிட்டது. நொடித்த வீடுகளில் பெண் பிள்ளை பார்வைக்கு அழகில்லாதவளாக இருந்தால் அப்பாவின் கடுமை கூடியது. அழகான மகள் தப்பினாள். பிள்ளைகளின் தோற்றத்தை நிலையத்தார் 1930களிலேயே மதிப்பெண் போட்டு வைத்திருந்ததால் ஐம்பது வருடம் கழித்து இது தெரியவந்தது. ஒரு நாட்டின் வங்கிகள் மூடியதன் வலி, கடைசியில் எந்த மகளின் முதுகில் இறங்கியது என்று இதைவிட நெருக்கமாகக் காட்டிய ஆராய்ச்சியை நான் படித்ததில்லை.

சரி, அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகி என்ன ஆனார்கள்? சின்ன வயதில் வீடு கவிழ்ந்தால் ஆள் எழுந்திருக்க மாட்டான் என்பதே அன்றைய உளவியலின் பொதுவான எதிர்பார்ப்பு. எல்டரின் கணக்கு அப்படி வரவில்லை. நொடித்த நடுத்தர வர்க்கக் குடும்பத்துப் பையன்கள், நொடிக்காத குடும்பத்துப் பையன்களுக்குக் கொஞ்சமும் பின்தங்கவில்லை. வேலை உயரத்தில் சற்று முந்தியே இருந்தார்கள். என்ன வேலைக்குப் போக வேண்டும் என்ற தெளிவு அவர்களுக்கு இளமையிலேயே வந்திருந்தது. உடல்நலம், மனநலத்திலும் அவர்கள் நன்றாகவே இருந்தார்கள். நடுவயதில் அவர்களுக்கு வீடும் பிள்ளைகளும்தான் முதலில். தொழிலாளர் வர்க்கத்தில் நொடித்த வீட்டுப் பையன்கள் படிப்பில் இழந்தார்கள். கல்லூரிக்குப் போகும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைந்தது. அதை வேலையில் ஓரளவு ஈடுகட்டினார்கள், முழுக்க ஈடுகட்ட முடியவில்லை. பெண்கள் வேறு திசையில் போனார்கள். அடுப்படியில் தேறிய பெண்கள் சீக்கிரம் கல்யாணம் செய்துகொண்டார்கள், குடும்பமே பெரிது என்று இருந்தார்கள், படிப்பை விட்டார்கள். நொடித்த வீடு பையனை வெளியே தள்ளி உலகம் பார்க்க வைத்தது, பெண்ணை உள்ளே இழுத்துக்கொண்டது.

இந்த முடிவுகள் 1974ல் ‘பெருமந்தத்தின் குழந்தைகள்’ என்ற பொருளில் தலைப்பிட்ட புத்தகமாகச் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து வந்தன. வாழ்க்கைப் போக்கு ஆய்வு என்ற துறைக்கு அடிக்கல் நாட்டிய நூல் எது என்று கேட்டால் பெரும்பாலோர் இதைத்தான் கைகாட்டுவார்கள்.

அதோடு நின்றிருந்தால், கஷ்டம் வந்தால்தான் பிள்ளை தேறும் என்று சொல்ல ஆராய்ச்சியிலிருந்து ஓர் ஆதாரம் கிடைத்ததாகவே ஆகியிருக்கும். கஷ்டப்பட்டவன்தான் முன்னுக்கு வருவான் என்று நம்மில் எத்தனை பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! எல்டர் அதோடு நிற்கவில்லை. அடுத்த அறையில் மேக்ஃபர்லேனின் கோப்புகள் இருந்தன. அதே ஊர்ப்பகுதி, அதே பெருமந்தம். பிள்ளைகள் மட்டும் எட்டு வருடம் இளையவர்கள். 1970களின் இறுதியில் இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

பெர்க்லியில் கதை தலைகீழாக இருந்தது. நொடித்த வீட்டுப் பையன்கள் பதின்வயதில் தன்னம்பிக்கை இழந்து, எதிர்காலத்தைப் பற்றி ஆசையே இல்லாமல், எதையும் தானாகத் தொடங்காமல் இருந்தார்கள். பள்ளிப் படிப்பும் சரிந்தது. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஓக்லாந்துப் பையனுக்கு வீடு கவிழ்ந்தபோது வயது பத்து, பன்னிரண்டு. பத்திரிகை போட்டு நான்கு காசு கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தால், தானும் வீட்டைத் தாங்குகிறேன் என்ற நிமிர்வு அவனுக்கு வந்தது. பெர்க்லிப் பையனுக்கு வயது இரண்டு, மூன்று. வீட்டின் கோபத்தை அவன் வாங்கிக்கொள்ளத்தான் முடியும், எதையும் கொடுக்க முடியாது. கொஞ்சம் வளர்ந்து ஆளாகும்போது போர் வந்தது. அப்பா கூடுதல் நேர வேலைக்கும் அம்மா தொழிற்சாலைக்கும் போனார்கள். அவனுக்கு மட்டும் கெட்ட காலம் விட்டபாடில்லை. பெர்க்லிப் பெண்களோ இதே வீடுகளில் நன்றாகத் தேறினார்கள். கஷ்டம் அம்மாவையும் மகளையும் நெருக்கியது, அந்த நெருக்கம் மகளைக் காத்தது.

ஒரே அடி, ஒரே ஊர்ப்பகுதி. வயது எட்டு வருடம் மாறினால் விளைவு மாறுகிறது. பையனா பெண்ணா என்பதைப் பொறுத்து மறுபடியும் மாறுகிறது. இதை எண்களோடு ஒருவர் காட்டிய பிறகு, குழந்தைப் பருவத் துன்பம் மனிதனை இப்படித்தான் ஆக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லாமல் போயிற்று.

பெர்க்லிப் பையன்கள் அப்படியே போய்விட்டார்களா என்றால், இல்லை. நடுவயதில் அவர்களைச் சந்தித்தபோது பலர் தலையெடுத்திருந்தார்கள். நடுவில் என்ன நடந்தது என்று எல்டர் தேடினார். அவருக்குக் கிடைத்த விடைகளில் பெரியது ராணுவம். படிப்பில் மோசமாக, தன்மேல் நம்பிக்கை இல்லாமல் இருந்த பையன்கள்தான் பதினெட்டு ஆனதும் ஓடிப்போய் ராணுவத்தில் சேர்ந்தார்கள். வீட்டிலிருந்து விலகி, பழைய பெயர் தெரியாத ஊரில், இரண்டு மூன்று வருடம் நிற்க ஓர் இடம் கிடைத்தது. திரும்பி வந்தபோது 1944ல் நிறைவேறிய படைவீரர் மறுவாழ்வுச் சட்டம் கல்லூரிச் சம்பளமும் சாப்பாட்டுச் செலவும் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் இருந்தவர்களில் மட்டும் இருபது லட்சத்துக்கு மேற்பட்டோர் அந்தச் சட்டத்தால் கல்லூரிக்குப் போனார்கள். ராணுவத்தில் சேர்ந்த பெர்க்லிப் பையன்களில் பலர் கல்யாணத்தையும் தள்ளிப்போட்டுச் செய்துகொண்டார்கள். பின்தங்கிக் கிடந்தவர்கள் முப்பது வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்தார்கள்.

ராணுவம் எல்லாரையும் தூக்கிவிட்டது என்று இதைப் படித்துவிடக் கூடாது. ஸ்டான்ஃபோர்டில் லூயிஸ் டெர்மன் 1920களில் சேர்த்து வைத்த மிகப் புத்திசாலிப் பிள்ளைகளின் கோப்புகளை எல்டர் 1980களிலும் 90களிலும் ஆராய்ந்தார். அவர்கள் 1910ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். போர் அழைத்தபோது முப்பதைத் தாண்டி, வேலையும் மனைவியும் பிள்ளைகளும் உள்ளவர்கள். தாமதமாகப் போன அவர்களில் விவாகரத்து கூடியது, தொழில் அறுந்தது, பின்னாளில் உடம்பும் கெட்டது. அறிவுக்குக் குறைவில்லாத மனிதர்கள் அவர்கள். பதினெட்டு வயதில் வாசலைத் திறந்துவிட்ட ராணுவம், முப்பத்து மூன்று வயதில் கட்டி வைத்த வீட்டை இடித்தது.

தாய்மார்களின் கதையையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பெர்க்லிக் குழந்தைகளின் அம்மாக்களை 1930களில் பேட்டி எடுத்த நிலையம், சுமார் நாற்பது வருடம் கழித்து முதுமையில் மறுபடி சந்தித்தது. எல்டரும் ஜெஃப்ரி லைக்கரும் 1982ல் அதை எழுதினார்கள். பெருமந்தத்தில் நொடித்து எழுந்த நடுத்தர வர்க்கப் பெண்கள், நொடிக்காத தங்கள் வர்க்கப் பெண்களைவிட முதுமையை உறுதியோடு எதிர்கொண்டார்கள். கணவர் போன பிறகும் சமாளித்தார்கள். தொழிலாளர் வர்க்கப் பெண்களுக்கு அதே கஷ்டம் நாற்பது வருடம் கழித்தும் காயமாகவே நின்றது. 1929க்கு முன் கையில் கொஞ்சம் படிப்பும், சேமிப்பும், ஆள் துணையும் இருந்தவருக்குக் கஷ்டம் பாடமானது. எதுவும் இல்லாதவருக்குக் கஷ்டம் கஷ்டமாகவே இருந்தது. கஷ்டம் நல்லது என்று மேடையில் பேசுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: யாருக்கு, எந்த வயதில், கையில் என்ன இருந்தபோது?

இந்த ஆய்வுகளின் குறையையும் சொல்லியாக வேண்டும். ஓக்லாந்தின் 167 பிள்ளைகளும் வெள்ளையர்கள், பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். அதே நகரத்தில் கறுப்பினத்தவரும் மெக்சிகோவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த குடும்பங்களும் இருந்தார்கள். பெருமந்தம் அவர்களை இன்னும் மோசமாக அடித்தது. போருக்குப் பின் வந்த சலுகைகளிலும் கறுப்பின வீரர்களுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை, குறிப்பாகத் தென் மாநிலங்களில் கல்லூரிக் கதவே அவர்களுக்குப் பெரும்பாலும் மூடியிருந்தது. அவர்களுடைய பிள்ளைகளை அளக்க யாரும் கிளப் வீடு வைக்கவில்லை. ஆகவே ஓக்லாந்துப் பிள்ளைகள் தலையெடுத்த கதை, நாடே செழித்த ஒரு காலத்தில், கதவு திறந்திருந்த ஒரு கூட்டத்தின் கதை. எல்டர் இதை மறைத்தவர் அல்லர். காலமும் இடமும் மனிதனை வடிக்கின்றன என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவரின் நூலும் ஒரு காலத்திலும் இடத்திலும் பிறந்ததுதான்.

பிறகு 1980களில் அயோவா மாநிலத்தில் பண்ணைகள் கடனில் மூழ்கியபோது, எல்டரும் ராண்ட் காங்கரும் அங்கே 451 குடும்பங்களை எடுத்துக்கொண்டு இதே கேள்வியைப் புதிதாகக் கேட்டார்கள். கடன், அப்பாவின் கோபம், கணவன் மனைவி சண்டை, பிள்ளையின் தளர்ச்சி என்ற அதே சங்கிலி அங்கேயும் தென்பட்டது. ஐம்பது வருடத்துக்கு முந்திய கோப்புகளில் கண்டதைக் கண்ணெதிரே பார்த்தார்கள்.

இனி ஒரு வேண்டுகோள். வாசகர்கள் வீட்டில் எழுபது, எண்பது வயதானவர்கள் இருந்தால், அவர்கள் வாழ்க்கையில் வந்த பெரிய கஷ்டத்தைக் கேட்கும்போது, அப்போது உங்களுக்கு என்ன வயது, வீட்டில் நீங்கள் எத்தனையாவது பிள்ளை, யார் உங்களுக்குத் துணை நின்றார்கள் என்று சேர்த்துக் கேளுங்கள். கேட்டதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

அடுத்த பகுதியில் பாஸ்டன் நகரத்துக்குப் போகிறோம். சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட ஐந்நூறு பையன்களைப் பற்றி ஷெல்டன், எலினார் குளூக் தம்பதி சேர்த்த கோப்புகள் ஹார்வர்டு சட்டப் பள்ளி நூலகத்தின் நிலவறையில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. ராபர்ட் சாம்ப்சனும் ஜான் லாபும் அவற்றை எடுத்துத் தூசி தட்டி, அந்தப் பையன்களில் உயிரோடு இருந்தவர்களை எழுபது வயதை நெருங்கும்போது தேடிப் போனார்கள்.